முத்திரிக் கிணற்றில் தொடங்கிய தருமயுகம்: அய்யா வைகுண்டரின் வாழ்வும் துவையல் பந்தியும்

ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதம் 20ஆம் நாள் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்பை நோக்கிப் பெரும் ஊர்வலம் ஒன்று செல்கிறது. தலைப்பாகை கட்டிய ஆண்களும், நெற்றியில் வெண்ணிற நாமம் இட்ட பெண்களும் குழந்தைகளும் பல்லாயிரக்கணக்கில் அதில் நடக்கின்றனர். அய்யா வைகுண்டர் கடலிலிருந்து எழுந்து வந்த நாளாக அதனை அவர்கள் கொண்டாடுகின்றனர். அன்றைய நாளில் அரசியல் கட்சிகளின் வாழ்த்துச் செய்திகளும் தவறாமல் வெளிவருகின்றன. ஒரு தரப்பு அவரைத் திருமாலின் அவதாரமாக மட்டும் காட்டி, சனாதனத்தின் காவலராக்க முனைகிறது. மறு தரப்பு அவரைத் தோள்சீலை உரிமைக்காகக் குரல் கொடுத்த சீர்திருத்தவாதி என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது.

இவ்விரு சித்திரங்களிலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகிறோம். வைகுண்டர் ஒரு வாழ்முறையை உருவாக்கினார். வரப்போகும் நல்லுலகில் மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்வார்களோ, அப்படி இன்றே வாழ்ந்து பார்ப்பதற்காக எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். துவையல் பந்தி என்று அழைக்கப்பட்ட அந்தச் சமூகமும், அதன் பின்னணியில் இருந்த நாட்டார் கதை மரபும் சாதி ஒழிப்பில் அக்கறை கொண்ட நாம் கூர்ந்து கற்க வேண்டியவை. அதன் வெற்றிகளிலிருந்தும் அதன் எல்லைகளிலிருந்தும் நாம் கற்க வேண்டும்.

முடிசூட அனுமதிக்கப்படாத பெயர்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதி. அங்கு, பின்னாளில் சாமித்தோப்பு எனப் பெயர் பெற்ற பூவண்டன்தோப்பில், 1809ஆம் ஆண்டு பொன்னு மாடன், வெயிலாள் இணையருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். பனையேறும் சாதியில் பிறந்த குழந்தைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று ஆதிக்கச் சாதியினர் கொதித்தனர். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. அவருடைய வாழ்க்கையின் முதல் நிகழ்வே ஒரு பறிமுதலாக இருந்தது.

அன்றைய திருவிதாங்கூரில் சாதி என்பது அடிக்கணக்கில் அளக்கப்பட்டது. அன்று சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் ஒருவர் நம்பூதிரிப் பார்ப்பனரிடமிருந்து 36 அடி எட்டி நிற்க வேண்டும். புலையர் 96 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷனரி நூல்கள் பதிவு செய்துள்ளன. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள் மார்பை மறைக்கலாகாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன்நகை பூணவும் தடை இருந்தது. நாடார் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்வதுகூடத் தடுக்கப்பட்டிருந்தது.

தலைவரி, பனைவரி என நூற்றுக்கும் மேற்பட்ட சில்லறை வரிகள் இம்மக்களைப் பிழிந்தன. இவற்றோடு ஊழியம் என்ற கூலியில்லா உழைப்பும் இருந்தது. அரசுக்கும் கோயில்களுக்கும் வேண்டிய பொருள்களைச் சுமந்து சென்று கொடுப்பது அவர்களின் கடமையாக்கப்பட்டது. பார்ப்பனர்களுக்கு நாள்தோறும் இலவசமாக உணவளித்த ஊட்டுப்புரைகளுக்கான பொருள்களும் இவ்வுழைப்பின் வழியாகவே சென்றன. சமைத்த சோற்றின் அருகே செல்ல முடியாதவர்களே அச்சோற்றுக்கான சுமையைத் தூக்கினார்கள். இவர்களுக்கும் கீழே, பறையரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாக இருந்தனர். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். வைகுண்டர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்த இருளில் முதல் கீறலை உண்டாக்கியவர் ஒரு பறையர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. சாமித்தோப்புக்கு அருகிலுள்ள மயிலாடியைச் சேர்ந்த மகராசன் வேதமாணிக்கம், தஞ்சைப் பகுதிக்குச் சென்று கிறித்தவத்தைத் தழுவித் திரும்பினார். அவருடைய அழைப்பின் பேரிலேயே இலண்டன் மிஷனைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். தொடர்ந்து பள்ளிகளும் சபைகளும் எழுந்தன. மதம் மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாயினர். 1822இல் கல்குளம் பகுதியில் அவர்கள் மீது தாக்குதல்கள் தொடங்கின. 1829இல் அரசு வெளியிட்ட ஆணை, தோள்சீலை அணியும் உரிமை நாடார் பெண்களுக்கு இல்லை என்றும், அச்சாதியினர் வழக்கமான ஊழியத்தைச் செய்தே ஆக வேண்டும் என்றும் அறிவித்தது. அப்போது முத்துக்குட்டிக்கு இருபது வயது. பனையேறியும் வயலில் கூலி வேலை செய்தும் அவர் வாழ்ந்து கொண்டிருந்தார்.

கடலுக்குச் சென்றவர்

சில ஆண்டுகளில் முத்துக்குட்டி கடும் நோயில் விழுந்தார். 1833ஆம் ஆண்டு மாசித் திருவிழாவின்போது, தாயும் உறவினர்களும் அவரைச் சுமந்துகொண்டு திருச்செந்தூருக்குச் சென்றனர். அங்கு அவர் கடலுக்குள் இறங்கிக் காணாமற்போனார் என்றும், மூன்றாம் நாள் மீண்டு வந்தார் என்றும் அவரைப் பின்பற்றுவோரின் மரபு கூறுகிறது. மகனைக் கண்டு கதறிய தாயிடம், இனி நான் உன் மகன் அல்லன், நாராயணனின் மகனாகிய வைகுண்டன் என்று அவர் அறிவித்ததாகவும் அம்மரபு சொல்கிறது.

இந்நிகழ்வை நாம் எப்படிப் புரிந்து கொள்வது? அற்புதத்தை நம்புவதா மறுப்பதா என்ற கேள்வி நமக்கு முதன்மையானதன்று. பிறப்பால் ஒட்டவைக்கப்பட்ட சாதியையும், ஆதிக்கச் சாதியினர் திணித்த பெயரையும் ஒரு மனிதர் கடலில் விட்டுவிட்டு வந்தார் என்பதே இதில் நாம் காணும் பொருள். முத்துக்குட்டி என்ற பெயர் அத்துடன் முடிந்தது. முடி சூடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர், அரசனின் முடியைவிட உயர்ந்த ஒரு பெயருடன் ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பியவர் ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள்ளும், அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையிலும், இறுதி இரண்டு ஆண்டுகள் உயர்த்திய இருக்கையிலும் அமர்ந்து அத்தவம் நிகழ்ந்ததாகக் கூறப்படுகிறது. குழியிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து மேடைக்குமாக அவர் எழுந்த அந்த வரிசையைக் கண்டவர்கள், தாங்கள் எங்கு அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறோம் என்பதை நினைத்திருக்கக் கூடும். நோயாளிகள் வந்தனர், மண்ணும் நீரும் மருந்தாகப் பெற்றுச் சென்றனர். பின்னர் சாதி வேறுபாடின்றிக் கூட்டம் பெருகியது. பலியிட வேண்டாம், காணிக்கை கொடுக்க வேண்டாம், அச்சத்தால் எந்தத் தெய்வத்தையும் வணங்க வேண்டாம் என்று அவர் அவர்களுக்குக் கற்பித்தார்.

அம்மானையாக எழுந்த எதிர்ப்பு

வைகுண்டரின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள அகிலத்திரட்டு அம்மானையை நாம் அறிந்திருக்க வேண்டும். அவருடைய ஐந்து சீடர்களுள் ஒருவரான அரிகோபாலன், கொல்லம் ஆண்டு 1016இல், அதாவது 1840–41 வாக்கில் அதனை ஏட்டில் எழுதினார். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட அந்நூல், மக்கள் கூடியிருந்து கேட்பதற்கான அம்மானை வடிவத்தில் அமைந்தது. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் கதைப்பாடல்களும் வில்லுப்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அது தமது சொந்தப் பேச்சாகவே ஒலித்தது.

அகிலம் காலத்தை எட்டு யுகங்களாகப் பிரிக்கிறது. முதல் யுகத்தில் குறோணி என்ற கொடியவன் தோன்றுகிறான். அவன் உடல் ஆறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகங்களில் ஒரு கொடுங்கோலனாகப் பிறக்கிறது. இறுதித் துண்டு கலியுகத்தில் கலியனாக வருகிறது. கலிக்குப் பின் எட்டாவதாகத் தருமயுகம் பிறக்கும். புராணக் கதை கேட்பது போலவே மக்கள் இதனைக் கேட்டனர். ஆனால், அக்கதையின் கலிநீசன் ஆட்சி செய்யும் இடம் அனந்தபுரம் என்று வருகிறபோது, கேட்போருக்கு யாரைக் குறிக்கிறது என்பது விளங்காமல் இருந்திருக்காது. திருவனந்தபுரத்து மன்னரின் பக்கத்திலேயே, கடல் கடந்து வந்த வெள்ளையரை வெண்ணீசன் என்று அகிலம் நிறுத்துகிறது. ஒரு தலைமுறைக்கு முன்புதான் திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் பிடிக்குள் வந்திருந்தது. இரு ஆட்சிகளையும் ஒரே தராசில் நிறுத்தும் அரசியல் தெளிவு அந்த அம்மானைக்கு இருந்தது.

பணம் பற்றி அகிலம் சொல்லும் ஒரு கதையும் கவனத்துக்குரியது. கலியன் திருமாலிடமிருந்து சக்கராயுதத்தையே வரமாகக் கேட்டுப் பெறுகிறான். அச்சக்கரம் அவன் கையில் பணமாக மாறிவிடுகிறது. திருவிதாங்கூரில் புழங்கிய நாணயத்தின் பெயரும் சக்கரம் என்பதை அறிந்தவர்களுக்கு இக்கதையின் கூர்மை புரியும். வரிகட்ட முடியாமல் அடிவாங்கியவர்கள், தம்மை வருத்திய நாணயம் எங்கிருந்து தீயதாயிற்று என்பதற்குத் தாமே ஒரு விளக்கம் கண்டார்கள்.

இன்னொரு கதை ஊழியத்தைப் பற்றியது. ஆற்றுக்கு அணை கட்ட மண் சுமக்குமாறு மன்னன் ஆணையிடுகிறான். சான்றோர் கூடையைத் தலையில் தூக்க மறுத்துத் தண்டனைக்கு உள்ளாகின்றனர். வலங்கைமாலை போன்ற கதைப்பாடல்களில் முன்பே வழங்கி வந்த இக்கதையை அகிலமும் எடுத்தாள்கிறது. நாள்தோறும் ஊழியச் சுமை தூக்கிய மக்களிடம், முன்னோர் சுமக்க மறுத்தனர் என்ற நினைவை நாட்டார் மரபு பாதுகாத்து வைத்திருந்தது. வைகுண்டரின் இயக்கம் அந்நினைவை நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

தமிழ் நிலத்தின் தலித் மக்களிடமும் இத்தகைய கதைகள் உண்டு. இழந்த அரசையும் வஞ்சகமாக வீழ்த்தப்பட்ட நந்தனையும் பற்றிய கதைகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எழுதப்பட்ட வரலாற்றில் இடம் மறுக்கப்பட்டவர்கள் கதையில் தமது இடத்தை வைத்திருந்தனர். ஆகவே, இக்கதைகளை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது நமக்கு உதவாது.

சிறையும் ஓர் ஒப்பந்தச் சீட்டும்

கூட்டம் பெருகியபோது அரசு விழித்தது. மன்னர் சுவாதித் திருநாள் சுசீந்திரத்துக்கு வந்திருந்த வேளையில், கீழ்ச்சாதியான் ஒருவன் தன்னைத் திருமால் என்று சொல்லிப் பல சாதியாரையும் ஒன்றுகூட்டுகிறான் என்ற முறையீடு அவரிடம் சென்றது. 1838இல் வைகுண்டர் கைது செய்யப்பட்டார். வழிநெடுக அடித்தும் இழிவுபடுத்தியும் கொண்டு செல்லப்பட்டு, திருவனந்தபுரத்தின் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தது, மிளகாய் வற்றலுக்குத் தீ மூட்டி அதன் நெடியில் அடைத்தது, பட்டினி போட்ட புலியின் கூண்டருகே நிறுத்தியது என அச்சிறைக்காலத்தைப் பற்றிய கதைகள் இன்றும் நாஞ்சில் நாட்டில் சொல்லப்படுகின்றன. அக்கதைகளின் முடிவில் புலி அவர் முன் அடங்கிப் படுத்துக் கொள்கிறது.

புலிக்கதையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமான இன்னொரு நிகழ்வை மரபு பாதுகாத்திருக்கிறது. அவரை விடுவிக்க முன்வந்த மன்னர் ஒரு நிபந்தனை விதித்தார். இனி உன் சொந்தச் சாதியாரை மட்டுமே கூட்டி வைத்துக் கொள்வேன், பிற சாதியாரைச் சேர்க்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதே அது. வைகுண்டர் அச்சீட்டை ஏற்க மறுத்துக் கிழித்தெறிந்ததாக மரபு கூறுகிறது. 110 நாள் சிறைவாசத்துக்குப் பின், 1839ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவர் விடுதலையானார்.

அந்நிபந்தனையை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். ஒருவர் தம்மைக் கடவுள் என்று சொல்லிக்கொள்வது அரசுக்குப் பெரிய இடராக இல்லை. தம் சாதிக்குள் அவர் குருவாகவோ தலைவராகவோ இருப்பதிலும் அரசுக்கு மறுப்பில்லை. ஒவ்வொரு சாதியும் தனக்கென ஒரு சாமியையும் ஒரு தலைவரையும் வைத்துக்கொண்டு தன் எல்லைக்குள் நிற்குமானால் சாதியமைப்பு குலையாது. எல்லையைத் தாண்டிப் பல சாதியார் ஓரிடத்தில் கூடுவதையே அரசு அஞ்சியது. சாதிச் சங்கங்களின் மேடைகளில் தலைவர்கள் பங்கிட்டுக்கொள்ளப்படும் இக்காலத்தில், அந்தச் சீட்டு மீண்டும் மீண்டும் நம் முன் நீட்டப்படுவதை நாம் காண்கிறோம்.

எழுநூறு குடும்பங்களின் கடற்கரை

சிறையிலிருந்து மீண்ட பிறகே துவையல் தவசு நடந்தது. எழுநூறு குடும்பங்கள், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக, கன்னியாகுமரிப் பகுதியின் கடற்கரையில் குடியேறின. முதலில் வாகைப்பதியில் ஆறு மாதங்கள். பின்னர் முட்டப்பதியில் ஆறு மாதங்கள். துவையல் என்பது இங்கு உணவைக் குறிக்கவில்லை. துணி துவைத்தலைக் குறிக்கிறது. நாள்தோறும் நீராடுவதும், உடுத்திய துணியைத் துவைப்பதும், ஒருவேளை மட்டும் மரக்கறி உணவைச் சேர்ந்து உண்பதும், சேர்ந்து வழிபடுவதும் அங்கு ஒழுங்காக இருந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிய நடைமுறையாகத் தோன்றும். நீர், சோறு, துணி ஆகிய மூன்றும் அன்று எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். யார் எந்த நீரைத் தொடலாம், யார் சமைத்ததை யார் உண்ணலாம், யார் எவ்வளவு துணி உடுத்தலாம் என்பவற்றின் வழியாகவே சாதி நாள்தோறும் நிலைநிறுத்தப்பட்டது. இந்த மூன்றையும் எடுத்து வைகுண்டர் ஒரு பொதுவாழ்வை அமைத்தார். தீட்டு பிறப்பில் இருக்கிறது என்று ஊர் சொன்னது. அழுக்கு துணியில் இருக்கிறது, அதை யாரும் துவைத்துக்கொள்ளலாம் என்று அக்கடற்கரை காட்டியது.

சாமித்தோப்பின் முத்திரிக் கிணறும் இதே நோக்கத்தில் எழுந்தது. அங்கு எல்லாச் சாதியாரும் ஒரே நீரை எடுத்துக் குளித்துக் குடித்த பின்னரே பதிக்குள் செல்வர். பதினெண் சாதியும் ஒரு கிணற்றில் நீர் அருந்துவதாக அகிலம் பேசுகிறது. பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அருந்தியது 1927இல். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நாட்டின் தென்கோடியில், நீரைப் பொதுவாக்காமல் மனிதரைச் சமமாக்க முடியாது என்ற புரிதல் இருந்திருக்கிறது. மகாத்தில் மறுக்கப்பட்ட பொதுக்குளத்தின் மீது உரிமை கோரப்பட்டது. இங்கு மறுக்கப்பட்டவர்களே புதிய கிணற்றைத் தமக்கென அமைத்துப் பிறரையும் அதில் அழைத்தனர். இரண்டு வழிகளும் நம் வரலாற்றில் உண்டு.

வழிபாட்டிலும் அதே ஒழுங்கு தொடர்ந்தது. பதியில் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் இருந்தன. வணங்க வருபவர் தம் முகத்தையே கண்டார். தேங்காய் உடைத்தல், ஆரத்தி, காணிக்கை ஆகியவை விலக்கப்பட்டன. பார்ப்பனப் பூசாரிக்கு அங்கு வேலையில்லை. ஆண்கள் தலைப்பாகை கட்டி வழிபட வேண்டும் என்று வைகுண்டர் விதித்தார். ஆதிக்கச் சாதியாரைக் கண்டால் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்க வேண்டியிருந்தவர்கள், கடவுளின் முன்னால் தலைப்பாகையோடு நின்றனர். கடவுள் முன் அவிழ்க்காத பாகையை ஊர்த் தெருவில் எவர் முன்னும் அவிழ்க்க வேண்டியதில்லை என்ற துணிவு அதிலிருந்து பிறந்தது.

கடற்கரை வாழ்வு முடிந்ததும் அம்மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். துவையல் பந்தியார் சென்ற இடங்களில் நிழல் தாங்கல்கள் தோன்றின. அகஸ்தீசுவரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை போன்ற ஊர்களில் வைகுண்டரின் காலத்திலேயே அவை அமைந்தன. திருநெல்வேலிச் சீமைக்குள்ளும் அவை பரவின. நிழல் தாங்கல் என்பது சிறிய கூரைதான். அங்குக் கூடி வழிபடலாம், ஏடு வாசிக்கலாம், பசித்தவருக்குச் சோறு கிடைக்கும். ஊட்டுப்புரையில் ஒரு சாதி உண்ண மற்றவர்கள் சுமந்தார்கள். நிழல் தாங்கலில் சமைத்தவர்களும் உண்டவர்களும் ஒரே மக்கள். ஒடுங்கிக் கிடப்போருக்குத் துணை நிற்பதே தருமம் என்று அவர் கொடுத்த விளக்கம் அந்தக் கூரைகளின் கீழ் நடைமுறையாயிற்று.

தென் திருவிதாங்கூரில் பணியாற்றிய மிஷனரிகள் முத்துக்குட்டியின் மார்க்கம் தங்கள் பணிக்குப் பெருந்தடையாக இருப்பதாகத் தம் அறிக்கைகளில் எழுதினர். மதம் மாறாமலே மானம் பெறலாம் என்ற ஒரு வழியை அவர் திறந்து வைத்ததே அதற்குக் காரணம். எனினும், வேதமாணிக்கம் காட்டிய வழியும் வைகுண்டர் காட்டிய வழியும் ஒரே ஒடுக்குமுறைக்கு எழுந்த இரு பதில்கள் என்றே நாம் கருதுகிறோம். ஒன்றை உயர்த்த மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை.

1851ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் வைகுண்டர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சாமித்தோப்பிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1858–59இல் வெடித்த பெரும் கலவரங்களைத் தொடர்ந்து, 1859 சூலையில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை அரசு ஏற்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

நாம் எழுப்ப வேண்டிய கேள்விகள்

ஒருவரை மதிப்பது என்பது அவரிடம் கேள்வி கேட்காமல் இருப்பதன்று. தலித் விடுதலை நோக்கில் வைகுண்டரின் இயக்கத்தை வாசிக்கும்போது சில கேள்விகள் எழுகின்றன.

முதலாவது, அகிலத்தின் சான்றோர் யார்? அச்சொல்லை உயர்ந்த பண்புடையோர் அனைவருக்கும் உரியதாகக் கொள்ளலாம். அதனைத் தம் சாதிப்பெயராகக் கொண்ட நாடார்களின் குலக்கதையாகவும் வாசிக்கலாம். இரண்டுக்கும் நூலில் இடமுண்டு. பின்பற்றியவர்களில் பெரும்பான்மையோர் நாடார்களாக இருந்ததால், இரண்டாவது வாசிப்பே நடைமுறையில் வலுப்பெற்றது. கல்வியும் வணிகமும் அச்சமூகத்தை முன்னேற்றிய பிறகு, அரசகுலப் பெருமை பேசப்பட்ட அளவுக்குப் பொதுக்கிணறு பேசப்படவில்லை. 36 அடி தள்ளி நின்றவரின் விடுதலை, 96 அடி தள்ளி நின்றவரின் விடுதலையாகத் தானாகவே மாறிவிடாது. மன்னர் நீட்டிய சீட்டை வைகுண்டர் கிழித்தார். அவர் பெயரைச் சொல்லும் சாதி மேடைகள் அச்சீட்டை ஒட்டிச் சேர்த்துக் கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, தூய்மை பற்றியது. குளியலும் வெளுத்த துணியும் மரக்கறி உணவும் விடுதலையின் அடையாளங்களாக்கப்பட்டபோது, தூய்மையைப் பார்ப்பனரின் தனியுடைமையாக இருக்கவிடாமல் வைகுண்டர் பறித்தெடுத்தார் என்பது உண்மை. ஆனால், அந்த அளவுகோல் அப்படியே எஞ்சி நின்றது. மாட்டிறைச்சி உண்பவரையும் தோல் தொழில் செய்பவரையும் சாக்கடையில் இறக்கப்படுபவரையும் அதே அளவுகோல் இன்றும் காயப்படுத்துகிறது. உணவு எதுவாக இருந்தாலும் மனிதர் சமம் என்ற இடத்துக்கு நாம் சென்றாக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நாட்டார் தெய்வங்கள் பற்றியது. பேய்களை எரித்த கதை அகிலத்தில் வருகிறது. மாடனுக்கும் இசக்கிக்கும் பலியிடுவதை அவர் நிறுத்தச் சொன்னார். பில்லி சூனிய அச்சத்திலிருந்தும், கடன் வாங்கிக் கொடை கொடுக்கும் சுமையிலிருந்தும் ஏழைகள் அதனால் விடுபட்டனர். அதே வேளையில், அத்தெய்வங்களுள் பலர் கொலையுண்ட நம் முன்னோர். சாதி மீறிக் காதலித்ததற்காகவும் அநீதியை எதிர்த்ததற்காகவும் வெட்டப்பட்டவர்கள் வில்லுப்பாட்டில் தெய்வமாக வாழ்கிறார்கள். அவர்களைப் பேயென்று எரித்தால், அவர்களைக் கொன்றவர்களின் பெயரும் மறைந்துவிடும். இந்த இழப்பையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இக்கேள்விகள் அவருடைய பணியைச் சிறிதாக்கவில்லை. அடிமைகளை விற்பதும் வாங்குவதும் சட்டமாக இருந்த நாட்டில், பள்ளிக்கூடம் செல்லாத ஒரு பனையேறி, சாதியற்ற ஊர் ஒன்று எப்படி இருக்கும் என்று எழுநூறு குடும்பங்களை ஓராண்டுக் காலம் வாழ்ந்து பார்க்கச் செய்தார். அவருக்குப் பின் அதே திருவிதாங்கூரில் நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் தாமே சிவனை நிறுவினார். 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவினார். அய்யன்காளி 1893இல் தடைசெய்யப்பட்ட சாலையில் தலைப்பாகையோடு வில்வண்டி ஓட்டினார். கண்ணாடியும் தலைப்பாகையும் அந்நிலத்தில் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தன.

இன்று கார்த்திகை மாதத்தில் சாமித்தோப்பில் 17 நாள்கள் அகிலம் வாசிக்கப்படுகிறது. கலியின் கொடுமைகளைச் சொல்லும் பகுதிகளை மக்கள் அமர்ந்து கேட்கின்றனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அவர்களை இந்துக்கள் என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கிறது. சனாதனத்தின் அவதாரமாக அவரைக் காட்டுபவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. கலிநீசனின் ஆட்சி என்று அகிலம் எதைச் சொல்கிறது? வருணத்தைக் காத்த அரசையா, அதனை எதிர்த்த மக்களையா?

தமிழ்நாட்டில் இன்றும் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்படுகிறது. பள்ளிச் சத்துணவைத் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் குழந்தைகளை உண்ணவிடாமல் தடுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தேநீர்க் கடைகளில் தனிக்குவளை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. நீரும் சோறும் இன்னும் சாதியின் கருவிகளாகவே இருக்கின்றன. சாமித்தோப்புக்குச் செல்லும் மாணவத் தோழர்கள் பதியின் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் முத்திரிக் கிணற்றின் படிகளில் சற்று நேரம் நிற்க வேண்டும் என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். தம் ஊரில் எல்லோரும் இறங்கும் ஒரு கிணறு இருக்கிறதா என்று அங்கு அவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.